சிறிதளவு உயர்ந்த இரத்த அழுத்தமும் ஆயுர்வேத வாழ்க்கை முறையும்

கோயில் திருவிழாக்களை ஒட்டி நடைபெறும் இலவச மருத்துவ முகாம்களில், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்கு முன்னால்தான் எப்போதும் நீண்ட வரிசை நிற்கும். தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அம்மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்து தொண்டு செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 118/76 என்று சொன்னால் அன்பர் மகிழ்ச்சியோடு எழுந்து செல்வார். 168/100 என்றால் பக்கத்தில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்பி விடுவோம். அவரும் மறுப்பின்றிச் செல்வார். இடைப்பட்ட எண் வரும் அன்பர்களிடம்தான் சிக்கல். 134/86 என்றதும், "கொஞ்சம்தானே கூட இருக்கு, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நேரே அன்னதானக் கூடத்திற்குச் சென்று விடுவார்கள் ஒரு சாரார். மற்றொரு சாரார் முகம் வாடி, "ஐயா, மாத்திரை மட்டும் வேண்டாம், ஆயுர்வேதத்தில் இதற்கு ஏதாவது சூரணம் இருந்தால் சொல்லுங்கள்" என்பார்கள்.

இவ்விரு சாராரையும் மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். அழுத்தம் சிறிதளவே உயர்ந்திருக்கும் காலம்தான் ஆயுர்வேதம் நமக்கு மிகவும் கைகொடுக்கக்கூடிய காலம் என்பது என் கருத்து. ஆனால் கைகொடுப்பது சூரணமன்று, அந்த வைத்திய முறை வகுத்துத் தந்திருக்கும் தினசரி ஒழுக்கம். இதை நானும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்கள் சொல்வது என்ன?

இருதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓய்வெடுக்கும் கணத்தில் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். இரண்டும் பாதரச மில்லிமீட்டர் அளவில் சொல்லப்படுகின்றன. உயிருள்ள குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் அதை நூலாக வெளியிட்டது 1733ஆம் ஆண்டில். கையில் சுற்றும் பட்டையை இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி அறிமுகப்படுத்தியது 1896இல். செவிக்குழல் வைத்து இரு எண்களையும் கேட்டறியும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னது 1905இல். ஆகவே சரகர், சுசுருதர் நூல்களில் 'இரத்த அழுத்தம்' என்ற பெயரில் ஒரு நோயைத் தேடினால் கிடைக்காது. அளக்கும் கருவியே இல்லாத காலத்து நூல்கள் அவை. "ஆயுர்வேதத்தில் பிரஷருக்கு ஐயாயிரம் ஆண்டு பழமையான மருந்து உண்டு" என்று யாராவது விளம்பரம் செய்தால் இதை நினைவிற் கொள்ளுங்கள்.

120/80க்குக் கீழே இருப்பது நலம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மருத்துவர்கள், மருந்தகத்தில் அளக்கும்போது மீண்டும் மீண்டும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அதை உயர் இரத்த அழுத்த நோய் என்கிறார்கள். அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு இந்த எல்லையை 130/80 என்று இறக்கி விட்டார்கள். ஐரோப்பிய இருதய மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் மேல் எண் 120 முதல் 139 வரையிலும், கீழ் எண் 70 முதல் 89 வரையிலும் இருப்பதற்கு 'உயர்ந்த அழுத்தம்' என்று தனிப்பெயரே கொடுத்திருக்கிறார்கள். எல்லைக் கோடு நாட்டுக்கு நாடு மாறுவதைக் கண்டு குழப்பமடைய வேண்டாம். உடலுக்குள் அப்படி ஒரு கோடு இல்லை. ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002இல் வெளிவந்த ஆய்வின்படி, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு மேல் எண் 115 என்ற அளவிலிருந்து ஒவ்வொரு 20 புள்ளி ஏறும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் அபாயம் இரட்டிப்பாகிறது. 134 என்பது ஏணியின் நடுப்படி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இதில் நம் பங்கு சிறியதன்று. மலேசியாவில் 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. சிங்கப்பூரில் 2021-22ஆம் ஆண்டு ஆய்வில் மூன்றில் ஒருவருக்கும் மேல். தலைவலி, மயக்கம் வந்தால்தான் பிரஷர் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை.

வீட்டில் அளக்கும் முறை

முகாமில் ஒருமுறை பார்த்த எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, நாதஸ்வரம் தவில் முழங்கும் இடத்தில் அமர்ந்தால் யாருக்கும் பத்துப் புள்ளி கூடத்தான் செய்யும். மேற்கையில் சுற்றும் தானியங்கிக் கருவி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக் கொள்வது நல்லது. காலையில் பசியாறுவதற்கும் மாத்திரைக்கும் முன்பு ஒருமுறை, இரவில் ஒருமுறை. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் வைத்து, கால்மேல் கால் போடாமல், கையை மேசைமீது நெஞ்சு உயரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்த பின் அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் அளந்து இரண்டையும் ஏட்டில் குறித்துக் கொள்ளுங்கள். ஏழு நாள் இப்படிச் செய்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு, மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டுக் கணக்கில் அது 135/85ஐத் தொட்டால் மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும்.

அளப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் காப்பி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் அளக்கக் கூடாது. நிரம்பிய சிறுநீர்ப்பை அழுத்தத்தை உயர்த்திக் காட்டும். உடலில் இயல்பாக எழும் வேகங்கள் பதின்மூன்றை அடக்கலாகாது என்று சரக சம்ஹிதை ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. அவற்றுள் சிறுநீரும் ஒன்று, உறக்கமும் ஒன்று. அதே அத்தியாயத்தில் அடக்க வேண்டிய வேகங்கள் என்று கோபம், பேராசை, பொறாமை முதலியவற்றையும் சொல்கிறார். நாம் செய்வதோ நேர் எதிர். சிறுநீரையும் தூக்கத்தையும் அடக்குகிறோம், கோபத்தை அடக்குவதில்லை.

எண் 180/120 அளவுக்கு ஏறி, அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் குழறுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் கஷாயமும் வேண்டாம், ஏழுநாள் ஏடும் வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழைத்து விடுங்கள்.

ஆயுர்வேதப் பார்வை

வாதம், பித்தம், கபம் என்ற முக்குற்றங்களை நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவை ஒவ்வொன்றும் ஐந்து பிரிவுகளாகி உடலில் தொழில் புரிகின்றன என்பது ஆயுர்வேதக் கொள்கை. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம் என்னும் நூல், வியான வாயு இருதயத்தில் அமர்ந்து உடலெங்கும் விரைந்து உலவுகிறது என்கிறது. அதே இருதயத்தில் அறிவையும் ஊக்கத்தையும் ஆளும் சாதக பித்தம் உறைகிறது. மார்பில் அவலம்பக கபம் தங்கி இருதயத்தைத் தாங்குகிறது. எனவே ஆயுர்வேத வைத்தியர் ஒருவரிடம் நீங்கள் சென்றால், கருவியின் எண்ணோடு நிறுத்திக் கொள்ளாமல், நீங்கள் எப்போது உறங்குகிறீர்கள், எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எதற்குக் கோபப்படுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். கவலையும் கண்விழிப்பும் வாதத்தைத் தூண்டும். சினமும் காரமும் பித்தத்தைத் தூண்டும். சோம்பலும் பெருந்தீனியும் கபத்தைப் பெருக்கும். ஒருவருக்கு எது மிஞ்சியதோ அதற்கேற்பவே பத்தியம் மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வைத்தியர் கொடுத்ததை நாம் வாங்கிச் சாப்பிடுவது ஆயுர்வேதத்துக்கே விரோதமானது.

இவை தத்துவம். நடைமுறையில் நான் வியந்து போனது வேறோர் இடம். சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில், அளவுக்கு மிஞ்சி உண்ணக்கூடாத பொருள்கள் மூன்று என்று பெயர் சொல்லி எச்சரிக்கை செய்யப்பட்டுள்ளது. ஒன்று திப்பிலி, மற்றொன்று காரம் எனப்படும் சாம்பல் உப்பு, மூன்றாவது நாம் தினமும் கைநிறைய அள்ளிப் போடும் உப்பு. கருவி இல்லாத காலத்திலேயே இதைக் கண்டிருக்கிறார்கள்.

உப்பு

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தேக்கரண்டியால் தலை தட்டி எடுத்தால் ஒரு கரண்டி. நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 600 கிராம் ஆகிறது. ஆனால் இந்தக் கணக்கில் வெளியே சாப்பிடும் உப்பும் அடக்கம். நம்மில் பாதிப்பேர் மதியம் கடையில்தான் சாப்பிடுகிறோம் என்றால் வீட்டுச் சமையலுக்கு அதைவிடக் குறைவாகவே மிஞ்சுகிறது. உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தின்மீது வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

"நாங்கள் சைவம், எங்களுக்குப் பிரஷர் எப்படி வரும்?" என்று பல அன்பர்கள் கேட்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம், கடையில் வாங்கும் இட்லிப் பொடி இவையெல்லாம் சைவம்தான். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் சோடியம் இரு வழியில் நுழைகிறது. அசைவம் உண்போர்க்குக் கருவாடும் சம்பால் பெலாச்சானும் இருக்கவே இருக்கின்றன. மீ கோரெங்கில் ஊற்றும் கிச்சாப், ரொட்டி பிராட்டாவுக்கு ஊற்றும் கறி, பொட்டலத்தில் வரும் உடனடி மீயின் தூள் ஆகியவற்றில் நாக்குக்குத் தெரியாமல் உப்பு ஒளிந்திருக்கிறது. பொட்டலத்தின் பின்புறம் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். பல உடனடி மீ பொட்டலங்கள் ஒரு நாள் உப்பின் பெரும்பகுதியை ஒரே கிண்ணத்தில் தந்துவிடும். தூளில் பாதியைப் போட்டு, சாற்றைக் குடிக்காமல் விட்டால் ஓரளவு தப்பலாம்.

இந்துப்பு பற்றிச் சொல்லியாக வேண்டும். உப்பு வகைகளுள் இந்துப்பே சிறந்தது என்று ஆயுர்வேத நூல்கள் கூறுவது உண்மை. அதனால் அதை எவ்வளவும் சேர்க்கலாம் என்று கருதி, முன்னிலும் தாராளமாகப் போடும் இல்லத்தரசிகளை நான் அறிவேன். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நூல்கள் அதைச் சிறந்தது என்றனவே தவிர அளவின்றி உண்ணச் சொல்லவில்லை. சோடியத்தில் ஒரு பகுதியை நீக்கிப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு சேர்ந்த உப்பைச் சீனாவின் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேருக்கு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. மாற்று உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் சில வகைப் பிரஷர் மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது.

என் வீட்டில் உப்பைக் குறைத்த முறையைச் சொல்கிறேன். சோற்றுக்கும் தோசை மாவுக்கும் உப்புப் போடுவதை முதலில் குறைத்தோம். குழம்பில் உப்பைக் கடைசியில்தான் சேர்ப்பது. அந்தக் குறையை எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்துமல்லி ஆகியவை நிரப்பின. முதல் வாரம் என் மகன் சாப்பாட்டைத் தள்ளி வைத்தான். மூன்று வாரம் கழித்து உணவகத்தில் சாப்பிட்டபோது "உப்புக் கரிக்குது" என்றவனும் அவன்தான்.

உணவும் உழைப்பும் உறக்கமும்

வயிற்றின் இரண்டு பங்கைத் திட உணவாலும் ஒரு பங்கை நீராலும் நிரப்பி, நான்காவது பங்கைக் காற்றுக்கு விட வேண்டும் என்பது வாக்படர் வகுத்த அளவு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண்ணில் ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும் என்று இக்கால மருத்துவர்கள் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு நம்மவரில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அமெரிக்காவில் 459 பேரை வைத்து எட்டு வாரம் நடத்தி 1997இல் வெளியிட்ட 'டாஷ்' என்ற உணவு ஆய்வு புகழ் பெற்றது. காய்கறி, பழம், பருப்பு, முழுத் தானியம், கொழுப்புக் குறைந்த பால் பொருள் இவற்றை மிகுத்து, கொழுப்பையும் இனிப்பையும் குறைத்துக் கொடுத்தார்கள். உப்பையும் எடையையும் மாற்றாமலே மேல் எண் சராசரியாக 5.5 புள்ளி இறங்கியது; ஏற்கெனவே அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்கு 11.4. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு நம் பாட்டிமார் சமைத்த முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும் நீர்மோரும்தான் நினைவுக்கு வந்தன. அர்ச்சனைத் தட்டில் வரும் வாழைப்பழத்தை வீட்டில் கறுக்க விடாமல் உண்ணுங்கள். ஒரு பழத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு; அது சோடியத்துக்கு எதிராக வேலை செய்யும். நீரிழிவு உள்ளவர்கள் பழத்தின் அளவையும், சிறுநீரக நோயாளிகள் கீரை, பழம், இளநீர் அனைத்தையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடற்பயிற்சியைப் பாதி வலிமை அளவுக்கே செய்ய வேண்டும் என்கிறது ஆயுர்வேதம். நெற்றியில் வியர்வை அரும்பி வாய் உலரத் தொடங்கும் நிலையே அதன் அடையாளம். தேவாரம் பாடுவோர்க்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் தினம் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பிரகாரத்தை மெதுவாக மூன்று சுற்று வலம் வருவது பக்திக்குப் போதும். இரத்த அழுத்தத்துக்குப் போதாது. கோயிலுக்கு இரண்டு பேருந்து நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வாருங்கள்.

மூச்சுப் பயிற்சியில் எளியதே நல்லது. நாலு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். பத்து நிமிடம் இப்படி அமர்ந்தால் நாடித்துடிப்பு தணிவதை நீங்களே உணரலாம். கும்பகம் என்று மூச்சை அடக்குவதும், பஸ்திரிகா, கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளும், சிரசாசனமும் அழுத்தம் உயர்ந்தவர்களுக்கு ஆகா.

உணவு, உறக்கம், பிரமசரியம் மூன்றும் உடலைத் தாங்கும் தூண்கள் என்பது சரகர் வாக்கு. நம் சமூகத்தில் பாதுகாவல் பணியிலும் பேருந்து ஓட்டுவதிலும் துறைமுகத்திலும் இரவு முறை வேலை செய்வோர் பலர். அவர்களிடம் சீக்கிரம் உறங்குங்கள் என்று எழுதுவது எளிது. முறை மாறும் நாட்களிலும் அறையை இருட்டாக்கி ஏழு மணி நேரம் படுக்க முடிகிறதா என்றாவது பாருங்கள். பலத்த குறட்டையும், நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவதும் இருந்தால் அதை வேடிக்கையாக எடுத்துக் கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை பத்தியம் இருந்தும் அழுத்தம் இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மதுவையும் புகையையும் பற்றி நான் விரித்து எழுதத் தேவையில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மூலிகை மருந்துகள்

இப்போது சூரணம் கேட்ட அன்பர்களிடம் வருகிறேன்.

மூலிகையால் இரத்த அழுத்தம் இறங்காது என்று யாரும் சொல்ல முடியாது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் இந்தியாவில் வழிவழியாகப் பயன்பட்டு வந்தது. அது அழுத்தத்தைக் குறைப்பதைக் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் 1931இல் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனை 1949இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கினார்கள். ஆனால் அளவு மிஞ்சியபோது அது சிலருக்குக் கடும் மனச்சோர்வையும் மூக்கடைப்பையும் வயிற்றுப் புண்ணையும் தந்தது. நாள் ஒன்றுக்கு ஒரு மில்லிகிராமில் கால் பங்குக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டிய சத்து அது. அதைக் கொண்ட வேரைத் தேக்கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

என் சொந்த அனுபவம் இதற்கு மறுபக்கம். சில ஆண்டுகளுக்கு முன் திருமுறை ஓதும் விழாவிற்காகத் தினமும் பயிற்சி செய்ததில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதிமதுர வேரை வாயில் அடக்கிக்கொள்வதும் காலை மாலை அதன் கஷாயம் குடிப்பதுமாக ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழிந்தது. குரல் நன்றாகவே வந்தது. ஆனால் வீட்டு ஏட்டில் 128 ஆக இருந்த மேல் எண் 148க்கு ஏறிவிட்டது. கணுக்காலில் வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு. உப்பைக் குறை, நட என்று ஊருக்கெல்லாம் சொல்லும் எனக்கே இப்படியா என்று வெட்கப்பட்டு, ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மருத்துவரிடம் போனேன். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. "மூலிகை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதிமதுரத்தை நான் மருந்தாகவே நினைக்கவில்லை! அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடித்து வைக்கச் செய்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. நிறுத்திய மூன்றாவது வாரத்தில் எண் பழைய இடத்துக்கு வந்தது.

அதிமதுரம் நல்ல மருந்து. தொண்டைக்கு நாலு நாள் எடுத்தால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது ஏற்றதன்று, அவ்வளவே. இருமல் மருந்துகளிலும், தொண்டை மிட்டாய்களிலும், சீன மருந்துக் கடைக் கஷாயங்கள் பலவற்றிலும் அது கலந்திருக்கும். அலோபதியும் விதிவிலக்கன்று, மூட்டுவலிக்காக நாள்தோறும் விழுங்கும் சில வலி மாத்திரைகளும், மூக்கடைப்பைத் திறக்கும் சளி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும்.

மருதம்பட்டையை இருதயத்திற்குரிய மருந்தாக ஆயுர்வேத நூல்கள் போற்றுகின்றன. ஆனால் அழுத்தத்தைக் குறைக்கும் என்று உறுதி சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் அதற்கு இல்லை. பூண்டு சில புள்ளிகளைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சமையலில் சேர்ப்பதில் தவறில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் பூண்டு மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

மற்றொரு கவலை கலப்படமும் உலோகமும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஊரிலிருந்து உறவினர் கையில் கொடுத்தனுப்பும் பெயரில்லாப் பொட்டலங்களைத் தவிர்த்து விடுங்கள். மலேசியாவில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவெண் இருக்கும். வைத்தியர் எதைக் கொடுத்தாலும் அதன் பெயரை எழுதி வாங்கி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்; மருத்துவர் தரும் மாத்திரைப் பெயரை வைத்தியரிடமும் காட்டுங்கள். இருவருக்கும் மறைத்து இரண்டையும் விழுங்குவோர்தான் முகாமில் என்னை அதிகம் பயமுறுத்துபவர்கள்.

மருந்தின்றி ஒழுக்கத்தால் மட்டும் முயன்று பார்க்க எவ்வளவு காலம்? அழுத்தம் சிறிதளவே கூடி, வேறு நோய் இல்லாதவர்கள் மருத்துவரின் பார்வையில் மூன்று மாதம் முயலலாம். நீரிழிவு, சிறுநீரக நோய், முன்பே மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு 134 என்பதே மாத்திரை தொடங்க வேண்டிய எண்ணாக இருக்கலாம். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

விரதமும் காவடியும்

தைப்பூசத்திற்கு 48 நாள் விரதம் இருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விரதம் தொடங்குமுன் ஒரு வாரமும், விரதத்தின் கடைசி வாரமும், முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு வாரமும் இரத்த அழுத்தத்தைக் குறித்து வையுங்கள். மது இல்லை, புகை இல்லை, இறைச்சி இல்லை, விடியலில் எழுந்து நீராடுவது, அளவோடு உண்பது, வீண் வாதம் தவிர்ப்பது என்று அந்நாட்களில் நாம் கடைப்பிடிப்பதெல்லாம் ஆயுர்வேதம் சொல்லும் தினசரி ஒழுக்கமேதான். சென்ற முறை என் நண்பர் ஒருவர் இப்படிக் குறித்ததில் விரத முடிவில் 126 என்று இருந்தது, ஒரு மாதத்தில் 139 ஆயிற்று. சூரணம் எதுவும் அவர் சாப்பிடவில்லை. நாற்பத்தொன்பதாவது நாள் அவர் எதற்குத் திரும்பினார் என்பது மட்டும்தான் மாற்றம்.

ஆனால் விரதத்தை முன்னிட்டு மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு. சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே பாயும். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையை விழுங்கிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் காவடி சுமந்து நடந்தால் அதற்கு நேர்மாறாக அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். பத்துமலையின் 272 படிகளின் நடுவே அது நேர்ந்தால் பின்னால் வருவோர்க்கும் ஆபத்து. விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வாய் தண்ணீரோடு மாத்திரை உட்கொள்வதால் விரதம் கெடும் என்று எனக்குத் தெரிந்த குருக்கள் எவரும் சொன்னதில்லை.

அன்னதான உபயகாரர்களுக்கு

முகாம் மேசையில் 134/86 என்று கேட்டுவிட்டு அன்பர் நேரே போவது அன்னதானக் கூடத்திற்கு என்று தொடக்கத்தில் சொன்னேன். அங்கே அவருக்குக் கிடைப்பது சோறு, சாம்பார், பொரியல், ஊறுகாய், அப்பளம், சில நாள் புளியோதரை. வாரந்தோறும் வந்து உண்ணும் முதியவர்கள் பலருக்கு அது அன்றைய முக்கிய உணவு. அவர்கள் வீட்டில் உப்பைக் குறைத்தாலும் இங்கே குறைக்க முடியாது. பரிமாறியதை உண்பவர்கள் அவர்கள்.

நான் தொண்டு செய்யும் சமையற்கூடத்தில் இதைத் தலைமைச் சமையற்காரரிடம் சொன்னபோது, "உப்பு இல்லாட்டி உபயகாரர் என்னைத்தான் ஏசுவார்" என்றார். நியாயமான பயம்தான். அவ்வாண்டு உபயம் எடுத்த குடும்பத்தாரே வந்து, "நாங்கள் சொன்னதாகக் குறையுங்கள்" என்றார்கள். பெரிய பாத்திரச் சாம்பாருக்குக் கைக்கணக்கில் போட்ட உப்பைத் தராசில் நிறுத்து, முதல் மாதம் பத்தில் ஒரு பங்கு, அடுத்த மாதம் இன்னொரு பங்கு என்று குறைத்தோம். கறிவேப்பிலையும் சீரகமும் கூடின. ஊறுகாயை இலையில் தானாக வைக்காமல், கேட்பவர்க்கு மட்டும் பரிமாறினோம். அப்பளம் திருவிழா நாட்களுக்கு என்று வைத்துக்கொண்டோம். மூன்று மாதத்தில் வந்த புகார் ஒன்றே ஒன்று, அதுவும் அப்பளத்தைப் பற்றி.